நீரிழிவு மருந்துகளை வார்டிலும் கவுன்ட்டரிலும் கையாள்வது எப்படி: கிளினிக்கல் பார்மசிஸ்டுகளுக்கு முழு வழிகாட்டி

இன்சுலின் டோஸ் நான்கே மாதத்தில் 22 யூனிட்டிலிருந்து 46 யூனிட்டுக்கு ஏறியிருந்தது. எச்பிஏ1சி (சில மாதச் சராசரி சுகரைக் காட்டும் ரத்தச் சோதனை) மட்டும் 10க்குக் கீழே இறங்கவே இல்லை. அறுபது வயதைத் தாண்டிய அந்த அம்மா, ஒரு நாள்கூடத் தவறாமல் ஊசி போட்டுக்கொள்வதாகச் சொன்னார். அவர் சொன்னது பொய் இல்லை. "வீட்டுல எப்படிப் போட்டுக்கிறீங்களோ, அப்படியே ஒரு தடவை செஞ்சு காட்டுங்கம்மா" என்று இன்சுலின் பேனாவைக் கையில் கொடுத்தேன். புது ஊசியைத் திருகினார். வெளிமூடியைக் கழற்றினார். யூனிட்டைச் சரியாகத் திருப்பி வைத்தார். வயிற்றில் வைத்து அழுத்தி, பொறுமையாகப் பத்து எண்ணினார். ஊசியின் மேலிருந்த சின்ன உள்மூடி மட்டும் கழற்றப்படாமல் அப்படியே இருந்தது. மருந்து முழுவதும் அந்த மூடிக்குள் தேங்கி நின்றது. நான்கு மாதமாகத் தினமும் இதுதான் நடந்திருக்கிறது.

உள்மூடியைக் கழற்றக் கற்றுக்கொடுத்தேன். ஆனால் அதோடு வேலை முடிந்துவிடவில்லை. அடுத்த நிமிடமே டாக்டரைக் கூப்பிட்டேன். 46 யூனிட் என்பது காகிதத்தில் மட்டும் ஏறிய டோஸ். அன்று இரவு அது முழுதாக உடம்புக்குள் போயிருந்தால் லோ சுகரில் மயங்கியிருப்பார். எடை 70 கிலோ, கிலோவுக்கு 0.2 யூனிட் என்று கணக்குப் போட்டு 14 யூனிட்டில் புதிதாக ஆரம்பித்தோம்.

நீரிழிவு மருந்தைக் கையாளும் எந்த பார்மசிஸ்டும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதிலேயே இருக்கிறது: எழுதிய டோஸ் உடம்புக்குள் போகிறதா? இது தெரியாமல் டோஸைக் கூட்டுவதும் மருந்தை மாற்றுவதும் ஆபத்து. கீழே உள்ள படிகள் எல்லாமே இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் வரும்.

படி 1: உண்மையான மருந்துப் பட்டியலை எடுங்கள்

ஃபைலில் இருக்கும் பட்டியல் ஒன்று, நோயாளி விழுங்கும் பட்டியல் இன்னொன்று. வீட்டில் இருக்கும் மருந்து எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்லி, மேசையில் பரப்பி, ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துக் கேளுங்கள். "இதை எப்போ போடுறீங்க? சாப்பிடுறதுக்கு முன்னாலயா, பின்னாலயா? இது எதுக்குன்னு சொன்னாங்க?"

இங்கே அடிக்கடி மாட்டுவது கூட்டு மாத்திரைகள். ஒரு டாக்டர் கிளிமெபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரையை எழுதியிருப்பார். இன்னொருவர் வில்டாகிளிப்டினும் மெட்ஃபார்மினும் சேர்ந்ததை எழுதியிருப்பார். பெட்டியின் மேல் பிராண்டு பெயர் வேறு வேறு என்பதால் நோயாளிக்கு அவை இரண்டு வெவ்வேறு மருந்துகள். முதலாவதில் மெட்ஃபார்மின் 1000 மி.கி., இரண்டாவதில் 500 மி.கி., இரண்டும் தினம் இரண்டு வேளை என்றால் ஒரு நாளைக்கு 3000 மி.கி. சேர்ந்துவிடும். அதனால் பிராண்டு பெயரை விட்டுவிட்டு மூலப்பெயரை எழுதி, ஒவ்வொன்றின் தினசரி மொத்தத்தையும் கூட்டிப் பாருங்கள்.

விட்டுப்போன வேளைகளைப் பற்றிக் கேட்கும்போது குற்றம் சாட்டும் தொனி வரவே கூடாது. "ஒழுங்கா போடுறீங்களா?" என்று கேட்டால் "ஆமா" என்றுதான் பதில் வரும். "மறந்துபோறது எல்லாருக்கும் நடக்குறதுதான். போன வாரத்துல எத்தனை வேளை விட்டுப்போச்சு?" என்று கேட்டுப் பாருங்கள், உண்மையான எண் வரும். அப்புறம் காரணத்தைக் கேளுங்கள். வயிற்றுப்போக்கா, லோ சுகர் பயமா, வாங்கப் பணம் இல்லையா? காரணத்துக்குக் காரணம் தீர்வு மாறும்.

மூட்டில் போட்ட ஸ்டீராய்டு ஊசி, கடையில் தானாக வாங்கிய வலி மாத்திரை, மூலிகை மருந்து, சர்க்கரைப் பாகில் செய்த இருமல் மருந்து இவையெல்லாம் கேட்டால்தான் வெளியே வரும். யாரும் தாமாகச் சொல்ல மாட்டார்கள்.

படி 2: எண்களைச் சேகரியுங்கள், ஆனால் அப்படியே நம்பிவிடாதீர்கள்

எச்பிஏ1சி, வெறும் வயிற்று சுகர், சாப்பிட்ட பின் சுகர், கிரியேட்டினின், அதிலிருந்து கணக்கிடும் இஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் வேகம்), பொட்டாசியம், கல்லீரல் சோதனை, எடை. எடையில் இன்றைய எண்ணை மட்டும் பார்க்காமல் ஆறு மாதத்துக்கு முன்பு எவ்வளவு இருந்தது என்றும் பாருங்கள்.

எச்பிஏ1சி இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும். சிவப்பணுவின் ஆயுள் மாறினால் அந்த எண்ணும் ஏமாற்றும். இரும்புச்சத்து குறைந்த ரத்தசோகையில் உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியலாம். சிவப்பணுக்கள் சிதையும் ரத்தசோகையிலும், அண்மையில் ரத்தம் ஏற்றியிருந்தாலும், சிவப்பணுக்களைக் கூட்டும் எரித்ரோபொயட்டின் ஊசி போட்டாலும் குறைவாகத் தெரியும். டயாலிசிஸ் நோயாளியின் எச்பிஏ1சி 6.2 என்று வந்தால் சந்தோஷப்படுவதற்கு முன் வீட்டில் எடுத்த சுகர் அளவுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இன்னொன்று: வயிற்று டயாலிசிஸில் ஐகோடெக்ஸ்ட்ரின் திரவம் பயன்படுத்துவோருக்குச் சில வகை குளுக்கோமீட்டர்கள் மால்டோஸையும் குளுக்கோஸாக எண்ணி, அளவைக் கூட்டிக் காட்டும். அதை நம்பி இன்சுலின் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து.

என் அனுபவத்தில் அதிகம் கவனிக்கப்படாத அறிகுறி ஒன்று உண்டு. பல வருடம் சுகர் கட்டுப்படாத ஒருவருக்கு, எதையும் மாற்றாமலே திடீரென்று சுகர் இறங்க ஆரம்பிக்கும். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். நீங்கள் கிரியேட்டினினைப் பாருங்கள். இன்சுலினை வெளியேற்றும் வேலையில் சிறுநீரகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அது பழுதானால் அதே டோஸ் கூடுதல் நேரம் உடம்பில் நிற்கும். கணையத்தைத் தூண்டி இன்சுலின் சுரக்க வைக்கும் சல்ஃபோனைல்யூரியா மாத்திரைகளுக்கும், குறிப்பாக கிளிபென்கிளமைடுக்கும், இதே கதைதான்.

படி 3: யாருக்கு எந்த இலக்கு?

கர்ப்பிணி அல்லாத பெரும்பாலான பெரியவர்களுக்கு எச்பிஏ1சி 7 சதவீதத்துக்குக் கீழே, சுகர் (மி.கி./டெ.லி. கணக்கில்) வெறும் வயிற்றில் 80 முதல் 130, சாப்பிட்ட பின் 180க்குக் கீழே. வயதாகித் தளர்ந்தவர், அடிக்கடி லோ சுகர் வருபவர், பல நோய்களோடு இருப்பவர் என்றால் 8 வரை விடலாம். இதயநோய் ஆபத்து அதிகமுள்ளவர்களிடம் எச்பிஏ1சியை 6க்குக் கீழே தள்ளப் பார்த்த அக்கார்ட் ஆய்வில் இறப்பு கூடியதால், 2008ல் அந்தத் தீவிர சிகிச்சையையே நிறுத்தினார்கள். எண்பது வயதுக்காரர் ஒருவருக்கு 6.1 என்று ரிப்போர்ட் வந்தால், எந்த மருந்தைக் குறைக்கலாம் என்றுதான் முதலில் யோசிக்க வேண்டும்.

படி 4: மருந்து மருந்தாகச் சரிபாருங்கள்

மெட்ஃபார்மின். 500 மி.கி. சாப்பாட்டோடு ஆரம்பித்து, வாரத்துக்கு ஒருமுறை ஏற்றி, பெரும்பாலோருக்கு 2000 மி.கி.யில் நிறுத்தினால் போதும். முதல் நாளே 1000 மி.கி. இரண்டு வேளை என்று தொடங்கினால் வயிற்றுப்போக்கு வந்து, நோயாளி அந்த மருந்தையே வெறுத்துவிடுவார். பிறகு அதைத் திரும்ப ஆரம்பிக்க வைப்பது பெரும்பாடு. வயிறு ஒத்துக்கொள்ளாவிட்டால் மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றலாம். அந்த மாத்திரையின் வெற்றுக்கூடு மலத்தில் தென்படலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் "மாத்திரை கரையவே இல்லை" என்று பயந்து நிறுத்திவிடுவார்கள்.

இஜிஎஃப்ஆர் 30க்குக் கீழே போனால் மெட்ஃபார்மின் கூடாது. 30 முதல் 45 வரை புதிதாக ஆரம்பிக்க வேண்டாம். ஏற்கெனவே எடுப்பவர் என்றால் பாதி டோஸ், அதாவது நாளுக்கு 1000 மி.கி.க்குள் வைத்துக்கொண்டு தொடர்வதைப் பற்றி டாக்டரோடு பேசுங்கள். வருடக்கணக்கில் எடுப்பவருக்குக் கால் மரத்துப்போனால் எல்லாப் பழியையும் சுகர் மேல் போடாதீர்கள். வைட்டமின் பி12 குறைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

சல்ஃபோனைல்யூரியாக்கள். விலை குறைவு, வேகமாகச் சுகரை இறக்கும். கூடவே லோ சுகரும் வரும். முதியவருக்கும் சிறுநீரகப் பழுது உள்ளவருக்கும் கிளிபென்கிளமைடு வேண்டவே வேண்டாம். அதன் சிதைபொருட்களும் சுகரை இறக்கும், அவை சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். கிளிப்பிசைடோ கிளிக்ளசைடோ மேல். "சாப்பாட்டைத் தவிர்த்தால் இந்த மாத்திரையையும் தவிருங்கள்" என்ற ஒரு வரியை மாத்திரை அட்டையின் மேலேயே எழுதிக் கொடுங்கள். இந்த மருந்தால் லோ சுகர் வந்து குளுக்கோஸ் கொடுத்துச் சரியானவரை உடனே வீட்டுக்கு அனுப்பக் கூடாது. மருந்து உடம்பில் இருக்கும்வரை திரும்பத் திரும்ப இறங்கும். ஒரு நாளாவது வார்டில் வைத்துப் பார்க்க வேண்டும். குளுக்கோஸ் ஏற்றியும் நிற்காவிட்டால் இன்சுலின் சுரப்பை அடக்கும் ஆக்ட்ரியோடைடு உதவும்.

எஸ்ஜிஎல்டி2 தடுப்பான்கள் (சுகரைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் மாத்திரைகள்). எம்பாகிளிஃப்ளோசின் 2015ல் எம்பா-ரெக் ஆய்வில் இதயநோய் இறப்பைக் குறைத்துக் காட்டியதிலிருந்து இந்த வகையின் இடமே மாறிவிட்டது. இதயச் செயலிழப்பு, சிறுநீரக நோய் இரண்டில் ஒன்று இருந்தால் எச்பிஏ1சி எவ்வளவாக இருந்தாலும் இவற்றைப் பரிந்துரைக்கலாம். இஜிஎஃப்ஆர் 20 வரை இறங்கியிருந்தாலும் ஆரம்பிக்கலாம். ஆரம்பித்த சில வாரங்களில் இஜிஎஃப்ஆர் கொஞ்சம் இறங்கும். அதைப் பார்த்துப் பயந்து மருந்தை நிறுத்திவிட வேண்டாம் என்று ஜூனியர் டாக்டர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கும்.

நோயாளியிடம் தயங்காமல் பேச வேண்டிய விஷயம் பிறப்புறுப்பில் வரும் பூஞ்சைத் தொற்று. வெட்கத்தால் சொல்லாமல், மருந்தை மட்டும் நிறுத்திவிடுவார்கள். சிறுநீர் கழித்ததும் தண்ணீரால் கழுவி உலர்த்திக்கொள்ளவும், அரிப்போ வெள்ளைப் படிவோ வந்தால் உடனே வரவும் சொல்லுங்கள். இதே மருந்தால் சிறுநீர்ச் சோதனையில் குளுக்கோஸ் எப்போதும் இருப்பதாகத்தான் வரும். அதற்காகப் பதற வேண்டாம்.

பயப்பட வேண்டியது கீட்டோஅசிடோசிஸுக்கு, அதாவது ரத்தத்தில் கீட்டோன் அமிலம் சேர்ந்துவிடும் ஆபத்தான நிலைக்கு. அதிலும் சுகர் 160, 180 என்று சாதாரணமாகத் தெரியும்போதே வரும் வகைக்கு. வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு என்று ஒருவர் வந்து அவர் இந்த மருந்தை எடுப்பவர் என்றால், மீட்டரில் சுகர் சரியாக இருக்கிறது என்று விட்டுவிடாமல் கீட்டோன் பார்க்கச் சொல்லுங்கள். அறுவை சிகிச்சைக்கு 3 நாள் முன்பே நிறுத்த வேண்டும், எர்ட்டுகிளிஃப்ளோசின் என்றால் 4 நாள். அறுவை சிகிச்சைப் பட்டியலை முன்கூட்டியே வாங்கிப் பார்க்கும் பழக்கம் பார்மசிஸ்டுக்கு இருந்தால் இந்த ஒரு விஷயத்திலேயே பல உயிர்களைக் காப்பாற்றலாம்.

ஜிஎல்பி-1 ஊசிகள் (பசியைக் குறைத்து, சாப்பிட்டதும் இன்சுலின் சுரப்பைத் தூண்டும் குடல் ஹார்மோனைப் போல வேலை செய்பவை). குமட்டல்தான் எல்லோரும் சொல்லும் புகார். ஏற்றும் வேகத்தைக் குறைத்தால் பாதித் தொல்லை போய்விடும். வாரம் ஒருமுறை போடும் செமாகுளுடைடில் முதல் 4 வாரம் 0.25 மி.கி. மட்டும். அந்த டோஸ் உடம்பைப் பழக்கத்தான், அதில் சுகர் இறங்கவில்லை என்று யாரும் சோர்ந்துபோக வேண்டாம். சிறிது சிறிதாகச் சாப்பிடவும், வயிறு நிறைந்த உணர்வு வந்ததும் நிறுத்தவும் சொல்லுங்கள். மாத்திரை வடிவ செமாகுளுடைடு ரொம்பக் கறாரானது. காலையில் வெறும் வயிற்றில், 120 மி.லி.க்கு மிகாத தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் வேறு எதையும் தொடக் கூடாது. தைராய்டு மருந்தையும் சேர்த்து விழுங்குபவர் நிறையப் பேர், கேட்டுப் பாருங்கள். தனக்கோ குடும்பத்திலோ தைராய்டு மெடுல்லரி புற்றுநோய் இருந்தவருக்கு இந்த வகை வேண்டாம். விழித்திரை பாதிப்பு ஏற்கெனவே இருந்தால் ஆரம்பிக்கும் முன் கண் பரிசோதனை அவசியம்.

மற்றவை. டிபிபி-4 தடுப்பான்கள் (உடம்பில் சுரக்கும் ஜிஎல்பி-1 சிதையாமல் காப்பவை) சாதுவானவை. சிட்டாகிளிப்டினுக்கு இஜிஎஃப்ஆர் 45க்குக் கீழே 50 மி.கி., 30க்குக் கீழே 25 மி.கி. லினாகிளிப்டினுக்குக் குறைக்கத் தேவையில்லை. ஜிஎல்பி-1 ஊசியோடு டிபிபி-4 மாத்திரை சேர்ந்திருந்தால் கூடுதல் பலன் கிடையாது, ஒன்றை நிறுத்தச் சொல்லுங்கள். பயோகிளிட்டசோன் எடுப்பவருக்குக் கால் வீங்கினால் இதயத்தைப் பாருங்கள். அகார்போஸ் முதல் கவளத்தோடு போக வேண்டும். இதை எடுப்பவருக்கு லோ சுகர் வந்தால் சர்க்கரை கொடுத்தால் வேகமாக ஏறாது, குளுக்கோஸ்தான் கொடுக்க வேண்டும்.

படி 5: இன்சுலின்

இந்தப் பகுதிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். தவறு நடந்தால் அதிகம் காயப்படுத்தும் மருந்து இதுதான்.

முதலில் எழுத்து. கையால் எழுதும் ஆர்டரில் யூனிட் என்பதற்குப் பதிலாக ஆங்கில யூ எழுத்தை மட்டும் எண்ணுக்குப் பக்கத்தில் ஒட்டிப் போட்டால், அது பூஜ்யம் போலத் தெரிந்து 10 யூனிட் 100 ஆகிவிடும். இந்தத் தவறால் உயிர்கள் போயிருக்கின்றன. யூனிட் என்று முழுச் சொல்லாக எழுத வையுங்கள். அப்படி எழுதாத ஆர்டரைத் திருப்பி அனுப்பத் தயங்க வேண்டாம்.

அடுத்து அடர்த்தி. மி.லி.க்கு 40 யூனிட் குப்பி இருக்கும் இடத்தில் அதற்கேற்ற 40 யூனிட் சிரிஞ்ச் தேவை. 100 யூனிட் குப்பிக்கு 100 யூனிட் சிரிஞ்ச். 40 யூனிட் சிரிஞ்சில் 100 யூனிட் இன்சுலினை 20 என்ற கோடு வரை இழுத்தால், உள்ளே போவது 50 யூனிட். மாற்றி எடுத்தால் பாதிக்கும் குறைவாகத்தான் போகும். சிரிஞ்சின் மூடி நிறத்தை மட்டும் நம்பாமல், சிரிஞ்சில் அச்சிட்டிருப்பதையும் குப்பியில் அச்சிட்டிருப்பதையும் அருகருகே வைத்துப் படிக்கக் கற்றுக்கொடுங்கள். பேனா கார்ட்ரிட்ஜிலிருந்து சிரிஞ்சால் மருந்தை இழுப்பதை எந்த வார்டிலும் அனுமதிக்காதீர்கள். 200, 300 யூனிட் அடர்த்தியுள்ள பேனாக்கள் இருப்பதால் அந்தப் பழக்கம் ஒருநாள் விபரீதத்தில் முடியும். ஊசியை மாற்றினாலும் ஒருவரின் பேனாவை இன்னொருவருக்குப் போடவே கூடாது. கார்ட்ரிட்ஜுக்குள் ரத்தம் திரும்பிப் போக வாய்ப்பு உண்டு.

செய்து காட்டச் சொல்லும்போது நீங்கள் பார்க்க வேண்டியவை இவை. கலங்கலான இன்சுலினை உள்ளங்கையில் மெதுவாக உருட்டி, மேலும் கீழுமாகச் சாய்த்துச் சீராகக் கலக்குகிறாரா? வெளிமூடி, உள்மூடி இரண்டையும் கழற்றுகிறாரா? ஒவ்வொரு முறையும் 2 யூனிட்டை வெளியே விட்டு, நுனியில் துளி வருகிறதா என்று பார்க்கிறாரா? அழுத்திய பின் பத்து எண்ணும்வரை ஊசியை எடுக்காமல் இருக்கிறாரா? முடிந்ததும் ஊசியைப் பேனாவிலிருந்து கழற்றுகிறாரா? பெரும்பாலோருக்கு 4 மி.மீ. ஊசி போதும்.

அப்புறம் வயிற்றைத் தொட்டுப் பாருங்கள். பார்வைக்குத் தெரியாத கட்டிகள் விரலுக்குத் தெரியும். ஒரே இடத்தில் வருடக்கணக்கில் போட்டால் தோலுக்கடியில் கொழுப்பு கட்டிதட்டி ரப்பர் போல ஆகிவிடும். அங்கே வலி குறைவு என்பதால் நோயாளி அந்த இடத்தையே தேடிப் போடுவார். அங்கிருந்து இன்சுலின் ஒருநாள் உறிஞ்சப்படும், ஒருநாள் படாது, சுகர் காரணமில்லாமல் ஏறி இறங்கும். நல்ல இடத்துக்கு மாற்றச் சொல்லும்போது டோஸையும் குறைக்க வேண்டியிருக்கும் என்பதை மறக்க வேண்டாம். அந்த அம்மாவின் உள்மூடிக் கதைதான் இங்கேயும். தடையை நீக்கினால் பழைய டோஸ் அதிகப்படியாகிவிடும். முதல் ஒரு வாரம் அடிக்கடி சுகர் பார்க்கச் சொல்லுங்கள்.

டோஸ் ஏற்றும் கணக்கு சிக்கலானது இல்லை. அடிப்படை இன்சுலினை (சாப்பாட்டுக்கென்று போடாமல், நாள் முழுவதும் மெதுவாக வேலை செய்யும் வகை) 10 யூனிட்டில் அல்லது கிலோவுக்கு 0.1 முதல் 0.2 யூனிட்டில் ஆரம்பித்து, வெறும் வயிற்று சுகர் இலக்கை எட்டும்வரை 3 நாளுக்கு ஒருமுறை 2 யூனிட் ஏற்றலாம். லோ சுகர் வந்தால் காரணம் தேடுங்கள். காரணம் தெரியாவிட்டால் 10 முதல் 20 சதவீதம் குறையுங்கள். கிலோவுக்கு 0.5 யூனிட்டைத் தாண்டியும் எச்பிஏ1சி இறங்காவிட்டால் அடிப்படை இன்சுலினையே ஏற்றிக்கொண்டு போவதில் பயனில்லை. சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சுகருக்குத் தனி மருந்து தேவை.

சேமிப்பில் ஒரு விஷயம்: திறக்காதது 2 முதல் 8 டிகிரியில், உறைபெட்டிக்குப் பக்கத்தில் இல்லாமல் இருக்க வேண்டும். உறைந்துபோனால் உருகியபின் பார்க்க நன்றாக இருந்தாலும் தூக்கிப் போட வேண்டியதுதான். திறந்ததைப் பெரும்பாலும் 28 நாள் அறை வெப்பத்தில், 30 டிகிரிக்கு மிகாமல் வைக்கலாம். டெக்லுடெக் 8 வாரம் தாங்கும், சில கலவைப் பேனாக்கள் 28 நாள்கூடத் தாங்காது, உறையைப் படியுங்கள். திறந்த தேதியைப் பேனாவின் மேல் நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

படி 6: லோ சுகருக்குத் தயார் செய்யுங்கள்

70க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ், அல்லது தண்ணீரில் கரைத்த மூன்று நான்கு தேக்கரண்டி சர்க்கரை. 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பார்த்து, ஏறாவிட்டால் மறுபடியும் அதே அளவு. சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். 54க்குக் கீழே போனது ஒருமுறை என்றாலும் மருந்தை மறுபரிசீலனை செய்ய வேண்டும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது என்பதையும், சுகரை ஏற்றும் மருந்தான குளுக்கோகன் எங்கே இருக்கிறது, எப்படிக் கொடுப்பது என்பதையும் வீட்டில் உள்ளவரிடம் சொல்லுங்கள். மயங்கியிருக்கும் நோயாளியால் அதை எடுத்துப் போட்டுக்கொள்ள முடியாதே.

பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்து) எடுப்பவருக்குப் படபடப்பும் நடுக்கமும் தெரியாமல் போகலாம், வியர்வை மட்டும் வரும். "காரணமில்லாம வியர்த்தா உடனே சுகர் பாருங்க" என்று சொல்லி அனுப்புங்கள்.

படி 7: வார்டில் கவனிக்க வேண்டியவை

பெரும்பாலான உள்நோயாளிகளுக்கு 140 முதல் 180 வரை வைத்தால் போதும். சுகர் ஏறிய பிறகு துரத்திப் பிடிக்கும் ஸ்லைடிங் ஸ்கேலை மட்டும் நம்பியிருக்கும் ஆர்டரைக் கண்டால் அடிப்படை இன்சுலினைச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். டைப் 1 நோயாளி பட்டினியாக இருந்தாலும் அடிப்படை இன்சுலினை நிறுத்தவே கூடாது. நிறுத்தினால் சில மணி நேரத்திலேயே கீட்டோன் ஏறிவிடும்.

காலையில் பிரெட்னிசலோன் கொடுத்தால் சுகர் மதியத்துக்கு மேல்தான் ஏறும், மறுநாள் காலையில் சாதாரணமாக இருக்கும். வெறும் வயிற்று சுகரை மட்டும் பார்த்தால் இது கண்ணுக்கே படாது. காலையில் ஸ்டீராய்டோடு, நடுத்தர நேரம் வேலை செய்யும் என்பிஹெச் இன்சுலின் கொடுப்பது பொருந்தும். ஸ்டீராய்டைக் குறைக்கும் ஒவ்வொரு நாளும் இன்சுலினையும் குறைக்க வேண்டும். ஸ்டீராய்டு நின்றபின் பழைய இன்சுலின் ஆர்டர் அப்படியே ஓடிக்கொண்டிருப்பதை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். அதனால் இரண்டையும் சார்ட்டில் ஒன்றுக்கொன்று இணைத்துக் குறிப்பு எழுதிவிடுவேன்.

குழாய் வழி உணவு திடீரென்று நின்றால் கொடுத்த இன்சுலின் உள்ளேயே இருக்கும். 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் தொடங்கும்படி முன்கூட்டியே ஆர்டர் வாங்கி வையுங்கள். நரம்பு வழி இன்சுலினை மி.லி.க்கு 1 யூனிட் என்று ஒரே அடர்த்தியில் எல்லா வார்டுக்கும் வையுங்கள். இன்சுலின் குழாயின் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் முதல் 20 மி.லி.யை ஓடவிட்டுக் கொட்டிவிட்டுத்தான் நோயாளிக்கு இணைக்க வேண்டும். கீட்டோஅசிடோசிஸில் பொட்டாசியம் 3.5க்குக் கீழே இருந்தால் முதலில் பொட்டாசியம், அப்புறம்தான் இன்சுலின். நரம்பு வழியிலிருந்து தோலடி ஊசிக்கு மாறும்போது, ஊசியைப் போட்டு ஒன்று இரண்டு மணி நேரம் கழித்துத்தான் டிரிப்பை நிறுத்த வேண்டும்.

படி 8: கூடச் சேரும் மருந்துகள்

எல்லா இடைவினைகளையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. சில ஜோடிகளைக் கண்டால் மட்டும் கை தானாக நின்றுவிட வேண்டும். சல்ஃபோனைல்யூரியாவோடு கோட்ரைமாக்ஸசோல், ஃப்ளூகோனசோல், கிளாரித்ரோமைசின்: லோ சுகர். ரிபாகிளினைடோடு ஜெம்ஃபைப்ரோசில்: சேரவே கூடாது. எச்ஐவி மருந்தான டோலுடெக்ராவிரோடு மெட்ஃபார்மின்: ரத்தத்தில் மெட்ஃபார்மின் ஏறும், நாளுக்கு 1000 மி.கி.க்கு மேல் வேண்டாம். ரிஃபாம்பிசின் சேர்ந்தால் சல்ஃபோனைல்யூரியாவின் வேலை குறையும். காசநோய் சிகிச்சை முடிந்து ரிஃபாம்பிசினை நிறுத்திய சில வாரங்களில் சுகர் தலைகீழாக மாறும் என்பதையும் அப்போதே காலண்டரில் குறித்து வையுங்கள். ஃப்ளூரோகுவினலோன்கள் இரண்டு பக்கமும் இழுக்கும், ஏற்றவும் செய்யும், இறக்கவும் செய்யும்.

படி 9: உடம்பு சரியில்லாத நாளுக்கு ஒரு தாள்

வாந்தி, வயிற்றுப்போக்கு, கடும் காய்ச்சல் என்று உடம்பில் தண்ணீர் வற்றும் நாட்களில் மெட்ஃபார்மின், எஸ்ஜிஎல்டி2 மாத்திரை, நீர் மாத்திரை, சில பிரஷர் மாத்திரைகள், வலி மாத்திரை ஆகியவற்றைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருக்கும். சாப்பிட முடியாதபோது சல்ஃபோனைல்யூரியாவையும். இன்சுலினை மட்டும் தானாக நிறுத்தக் கூடாது. எதை நிறுத்துவது, எப்போது திரும்பத் தொடங்குவது, யாரைக் கூப்பிடுவது என்று அவரவர் மருந்துப் பெயரோடு, டாக்டர் ஒப்புதலோடு, ஒரே தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். பொதுவாக அச்சிட்ட துண்டுப் பிரசுரத்தை யாரும் படிப்பதில்லை. தன் மருந்தின் பெயர் கையால் எழுதியிருந்தால் பத்திரமாக வைத்துக்கொள்கிறார்கள்.

படி 10: வீட்டுக்கு அனுப்பிய பிறகு

டிஸ்சார்ஜ் பட்டியலில் எது புதிது, எது மாறியது, எது நின்றது என்று மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். நின்றுபோன மருந்தின் மிச்ச மாத்திரைகள் வீட்டில் இருக்கும் என்பதால் அதைத் தனியாக எடுத்துவைக்கச் சொல்லுங்கள். நீங்கள் செய்த ஒவ்வொரு தலையீட்டையும், டாக்டர் ஏற்றதையும் ஏற்காததையும், தேதியோடு ஃபைலில் பதியுங்கள். அடுத்து வரும் பார்மசிஸ்ட் அங்கிருந்து தொடர முடியும். மூன்றாம் நாள் ஒரு போன். "சுகர் எவ்வளவு, ஊசி எங்க போட்டீங்க, மயக்கம் வந்துச்சா?" அவ்வளவுதான், ஐந்து நிமிடம் போதும்.

அந்த அம்மாவையும் மூன்றாம் நாள் கூப்பிட்டேன். 14 யூனிட்டில் காலை சுகர் 171, 158, 149 என்று படித்துக் காட்டினார். டாக்டரிடம் கேட்டு 2 யூனிட் ஏற்றச் சொன்னேன். பிறகு அவராகவே சொன்னார்: கழற்றிய உள்மூடிகளை ஒரு சின்ன டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாராம், அடுத்த தடவை வரும்போது எனக்குக் காட்ட. இப்போதைக்கு மூன்று இருக்கிறது என்றார்.